கடற்கரை வீட்டில் வாட்டர் கூலிங் பிசி: 36 டிகிரி ரூம், உப்புக்காத்து, எந்தத் தண்ணி?

கேள்வி: கீழக்கரை_ரெண்டர்

எல்லாருக்கும் ஸலாம், வணக்கம்.

ரூம் கீழக்கரையில, கடல்லேருந்து முந்நூறு மீட்டர் இருக்கும். மாடி, தெற்குப் பக்கம் ஜன்னல். பிளெண்டர் ரெண்டரிங்கும் கல்யாண வீடியோ எடிட்டிங்கும்தான் வேலை. ரெண்டுமே மணிக்கணக்கா ஃபுல் லோடு இழுக்கும். பகல்ல ஏசி கிடையாது. சித்திரை, வைகாசியில ரூமுக்குள்ளயே 35, 36 டிகிரி நிக்குது. ராத்திரி தூங்கும்போது மட்டும் ஏசி 24-ல ஓடும்.

சிபியு ரைசன் 7 9800எக்ஸ்3டி. கிராஃபிக்ஸ் கார்டு (ஜிபியு) ஆர்டிஎக்ஸ் 4080 சூப்பர். பவர் சப்ளை 850 வாட். கேபினெட்ல மேல ஒரு 360 (மூணு ஃபேன் மாட்டுற 360 மி.மீ. நீளம்), பக்கவாட்டுல ஒரு 360 ரேடியேட்டர் மாட்ட இடம் இருக்கு. ஏர் கூலர் சத்தம் தாங்க முடியலை. சிபியு, ஜிபியு ரெண்டையும் ஒரே லூப்ல (தண்ணி சுத்தி வர்ற வட்டம்) சேர்த்து வீட்லயே கட்டலாம்னு இருக்கேன்.

ஒரு 360 போதுமா, ரெண்டும் வேணுமா? ஹார்டு டியூப் போடணும்னு ஆசை, நம்ம வெயிலுக்கு அது சரிப்படுமா? தண்ணிக்கு கேன் தண்ணி, பேட்டரி வாட்டர், ஏசியிலேருந்து சொட்டுற தண்ணின்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க, எதை ஊத்துறது? உப்புக்காத்துல ரேடியேட்டர் பச்சை பூத்துப் போயிடுமா? ஏசி ரூம்ல வச்சா டியூப் மேலயும் மதர்போர்டு மேலயும் தண்ணி வேர்த்து ஷார்ட் ஆகும்னு ஒருத்தர் பயமுறுத்துறார், அது உண்மையா?

விவரமா சொன்னா புண்ணியமா போகும்.

பதில்: பாம்பன்_லூப்

தம்பி, முதல்ல வாட் கணக்கைப் போடு. 9800எக்ஸ்3டி பெட்டியில 120 வாட்னு இருக்கும், ஆனா சாக்கெட் வழியா 162 வாட் வரைக்கும் இழுக்கும். 4080 சூப்பர் 320 வாட். ரெண்டும் முழு மூச்சா ஓடுறப்ப 480 வாட் தண்ணிக்குள்ள இறங்குது. ஒரே 360-ல அதைப் போட்டா ஃபேனுக்கு 160 வாட். அதை வெளியேத்த ஃபேன் 1800-க்கு மேல சுத்தணும், நீ ஓடி ஒளியிற அதே சத்தம் திரும்ப வந்துடும். ரெண்டு 360-ன்னா ஃபேனுக்கு 80 வாட். 1000, 1200 ஆர்பிஎம்-லயே ரூம் வெப்பத்தைவிடத் தண்ணி சுமார் 10 டிகிரி கூடுதலா நிக்கும். ரெண்டும் போடு.

இந்த 10 டிகிரியை மனசுல வச்சுக்கிட்டுதான் மத்த எல்லா முடிவையும் எடுக்கணும். 25 டிகிரி ரூம்ல டெஸ்ட் பண்ணிக் காட்டுறவங்களுக்குத் தண்ணி 35. உனக்கு வைகாசியில 46. ரூம் வெப்பத்துக்குக் கீழ எந்த ரேடியேட்டரும் தண்ணியைக் கொண்டுபோகாது, எவ்வளவு காசு போட்டாலும் சரி. 46 டிகிரி தண்ணியில கார்டு கோர் 60-ஐ ஒட்டியும் சிபியு 75, 80-லயும் நிக்கும். சிபியுவோட எல்லை 95, அதனால பயமில்லை. ஆனா டியூப், பம்ப், ஓ-ரிங் (கசியாம அடைக்கிற ரப்பர் வளையம்) மூணும் சித்திரை, வைகாசியில 45-க்கு மேலதான் வாழணும். தேர்வை அங்கேருந்து ஆரம்பி.

டியூப்: பிஇடிஜி பிளாஸ்டிக் வேண்டவே வேண்டாம். வளைக்கிறது சுலபம்னு எல்லாரும் அதைத்தான் முதல்ல வாங்குறாங்க. 60 டிகிரி தாண்டினா அது இளக ஆரம்பிக்கும். சாதாரண நாள்ல 46-ன்னாலும், ஒரு ஃபேன் ஹப் (எல்லா ஃபேனும் மாட்டுற பெட்டி) செத்தாலோ, ரெண்டரைப் போட்டுட்டு நீ வெளிய போன நேரத்துல ரூம் ஃபேன் நின்னாலோ 60 ரொம்பத் தூரமில்லை. இளகின டியூப் ஃபிட்டிங்லேருந்து (டியூபைப் பிடிக்கிற இணைப்பு) நழுவினா கார்டு மேலதான் ஊத்தும். ஹார்டு டியூப்தான் வேணும்னா அக்ரிலிக், 14 மி.மீ. வெளி விட்டம். அது பிஇடிஜி-யைவிடக் கூடுதல் சூட்டைத் தாங்கும். ஆனா வளைக்க ஹீட் கன், உள்ள விட சிலிகான் கம்பி, பொறுமை மூணும் வேணும். வெட்டின விளிம்பை உள்ளயும் வெளியயும் மழுக்கணும். மழுக்காத விளிம்பு ஃபிட்டிங்குக்குள்ள போகும்போதே ஓ-ரிங்கைச் சீவி விட்டுடும், கண்ணுக்குத் தெரியாது, ஒரு வாரம் கழிச்சு கசியும்.

முதல் லூப்புக்கு நான் சொல்றது கறுப்பு இபிடிஎம் ரப்பர் டியூப், உள் விட்டம் 10, வெளி விட்டம் 16. தெளிவான பிவிசி சாஃப்ட் டியூப்ல மெதுமைக்காகச் சேர்க்கிற பிளாஸ்டிசைசர் சூட்டுல கரைஞ்சு தண்ணியில கலந்து, சிபியு பிளாக்கோட (சிப் மேல உக்கார்ற, உள்ள தண்ணி ஓடுற செம்புக் கட்டை) நுண் துடுப்புல வெள்ளைப் பசையா ஒட்டும். நம்ம 46 டிகிரியில அது இன்னும் சீக்கிரம் நடக்கும். இபிடிஎம்-ல அந்தச் சேர்மானம் கிடையாது. பார்க்க அழகா இல்லைன்னு சொல்லுவாங்க. பத்தடி தள்ளி உக்காந்து ரெண்டர் பார்க்கிறவனுக்கு அது பெரிய குறையில்லை.

ரேடியேட்டர்: துடுப்பு செம்பு, தொட்டி பித்தளை, கனம் 30 மி.மீ. ஒரு அங்குலத்துக்கு 16 துடுப்பு அல்லது அதுக்கும் கம்மியா இருக்கிறதைப் பாத்து வாங்கு. 25, 30-ன்னு நெருக்கமா இருந்தா ஈரமான உப்புத் தூசி உள்ள ஒட்டிக்கும், பிரஷ் போகாது.

பம்ப்: டி5 வகை, பிடபிள்யூஎம் கட்டுப்பாடு (வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற வசதி) உள்ளது. தண்ணி 60 டிகிரி வரைக்கும் அதுக்குச் சம்மதம். டிடிசி-ங்கிற இன்னொரு வகை சின்னது, ஆனா அதோட அடியே சூடாகும். சூடான ஊர்ல டி5 நல்லது. 250 மி.லி. ரிசர்வாயரோட (தண்ணித் தொட்டி) சேர்ந்து வர்ற காம்போ எடுத்தா ரெண்டு ஃபிட்டிங் மிச்சம்.

எதுக்கு அடுத்து எதுன்னு வரிசையைப் பத்திக் கவலைப்படாதே. நிமிஷத்துக்கு 4 லிட்டர் ஓட்டம்னா, தண்ணியை ஒரு டிகிரி ஏத்தவே சுமார் 280 வாட் வேணும். உன் 480 வாட் முழுசையும் வாங்கிக்கிட்டாலும் லூப்போட ஒரு முனைக்கும் இன்னொரு முனைக்கும் வித்தியாசம் ரெண்டு டிகிரிக்குள்ளதான். டியூப் நீளம் குறைவா, மடங்காம போற வழி எதுவோ அதுதான் சரியான வரிசை. ஒரே ஒரு விதி: ரிசர்வாயர் தண்ணி நேரா பம்புக்குள்ள இறங்கணும், பம்ப் கீழ இருக்கணும். டி5-க்குள்ள சுத்துற பாகத்துக்குத் தண்ணிதான் எண்ணெய், காய்ஞ்சு ஓடினா தேய்ஞ்சு போகும்.

பதில்: தேவிபட்டினம்_மல்டிமீட்டர்

தண்ணியைப் பத்தி மட்டும் சொல்றேன்.

போர் தண்ணி, லாரி தண்ணி, குழாய்ல வர்ற காவிரித் தண்ணி எதுவும் லூப்புக்குள்ள போகக் கூடாது, ரேடியேட்டர் கழுவக்கூட. சிபியு பிளாக்குக்குள்ள துடுப்புகளுக்கு நடுவுல இருக்கிற சந்து கால் மில்லிமீட்டர் அளவு. சுண்ணாம்பு படிஞ்சா அடைக்கும். அதைவிட மோசம் குளோரைடு: நிக்கல் முலாமைப் புள்ளி புள்ளியா அரிச்சு, கீழ இருக்கிற செம்பைத் தொட்டுடும்.

கேன் தண்ணி ஆர்ஓ-வில வடிச்சதுதான், ஆனா குடிக்க ருசியா இருக்கணும்னு கொஞ்சம் உப்பு விட்டு வச்சிருப்பாங்க. டிடிஎஸ் மீட்டர்ல (தண்ணியில கரைஞ்ச உப்பை அளக்கிறது) 40, 60, சில சமயம் 100 கூட காட்டும். லூப்புக்கு வேண்டியது 0-லேருந்து 5.

ஏசி தண்ணி சுத்தம்னு நம்ம ஊர்ல எல்லாரும் நம்புறாங்க. காத்துலேருந்து குளிர்ந்து வர்ற வரைக்கும் சுத்தம்தான். அப்புறம் அது ஏசி காயிலோட அலுமினியத் தகடு, செம்புக் குழாய், வருஷக்கணக்கான தூசி, பாசி பிடிச்ச தட்டு எல்லாத்தையும் கழுவிக்கிட்டுதான் குழாய்ல இறங்குது. அதுல இருக்கிற பாக்டீரியாவுக்கு 40 டிகிரி லூப் நல்ல வீடு. தொடாதே.

பேட்டரி வாட்டர் சரிப்படும், ஆனா எல்லா பாட்டிலும் ஒண்ணில்லை. பேட்டரி கடையில வாங்கினதும் டிடிஎஸ் மீட்டர் விட்டுப் பாரு. 5-க்குள்ள இருந்தா ரேடியேட்டர் கழுவ அதுவே போதும், ஒரு 10 லிட்டர் வாங்கி வை. ரெண்டு ரேடியேட்டருக்கும் அதுல முக்கால்வாசி போயிடும். புது ரேடியேட்டர்ல ஈயம் பற்றவச்சப்ப விட்ட ஃபிளக்ஸ் (பற்றவைப்புப் பசை) உள்ள ஒட்டியிருக்கும். கொதிக்காத சூட்டுல, கை பொறுக்காத அளவுக்குத் தண்ணியைக் காய்ச்சி, பாதி ரொப்பி, ரெண்டு வாயையும் மூடி நல்லா குலுக்கு. வெள்ளைத் துணி மேல ஊத்திப் பாரு. கறுப்புத் துகளோ நீலமோ வராம நிக்கிற வரைக்கும் திரும்பத் திரும்பச் செய். இதை அரைகுறையா விட்டவங்களுக்குத்தான் மூணு மாசத்துல கூலன்ட் கலங்கிப் போகுது.

கடைசியா லூப்ல நிக்கப் போறதுக்கு, பிசிக்குன்னே வர்ற நிறமில்லாத ரெடிமிக்ஸ் கூலன்ட் வாங்கு. அரிப்பைத் தடுக்கிற மருந்தும் பாசி மருந்தும் அதுல அளவா கலந்திருக்கும். ரெண்டு 360, 250 மி.லி. ரிசர்வாயர், டியூப் எல்லாம் சேர்த்து ஒரு லிட்டரைத் தொட்டு நிக்கும். 2 லிட்டர் வாங்கினா மேல ஊத்தவும் கைவசம் இருக்கும். பால் நிறத்துல, மின்னுற துகளோட வர்ற கூலன்ட் படம் எடுக்கத்தான் நல்லா இருக்கும். அந்தத் துகள் ஓட்டம் குறைஞ்ச இடத்துல படியும், சந்தை அடைக்கும்.

வெள்ளிச் சுருள் போட்டா பாசி வராதுன்னு பழைய பதிவுகள்ல பார்ப்பே. நிக்கல் முலாம் போட்ட பிளாக்கோட அது வேண்டாம். காப்பர் சல்பேட்டும் வேண்டாம்.

பதில்: மண்டபம்_கொண்டல்

உப்புக்காத்து பத்திக் கேட்டது நல்ல கேள்வி. கசிவைப் பத்திப் பயப்படுறவங்க நூறு பேர், இதைப் பத்தி யோசிக்கிறவங்க குறைவு. நம்ம கரையில ஒழுங்கா கட்டின லூப் கசிஞ்சு போர்டு போறதைவிட, ஜன்னல் காத்து மெல்ல அரிச்சுப் போர்டு போறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம்.

காரணம் இதுதான். சுத்தமான சோத்து உப்பு, காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா தானே ஈரத்தை இழுத்துக் கரைசலாயிடும். கடல் உப்புல மெக்னீசியம் குளோரைடும் இருக்கு. அது 33 சதவீதத்துலயே ஈரம் இழுக்கும். நம்ம ஊர்ல ஈரப்பதம் அதுக்குக் கீழ எப்ப போகுது? அதனால போர்டு மேல படிஞ்ச கடல் உப்பு முழுசா காயவே காயாது. மெல்லிய, கரண்ட் கடத்துற படலமா கெடந்து, ரெண்டு முனைக்கு நடுவுல வோல்டேஜ் இருக்கிற இடமா பாத்து அரிக்கும். யுஎஸ்பி வாய், ரேம் ஸ்லாட், ஸ்க்ரூ தலை, கேபினெட்ல பெயின்ட் சுரண்டின ஓரம், இதெல்லாம் முதல்ல போறது.

உன் ஜன்னல் தெற்குப் பக்கம், அதாவது தென்கடலைப் பாத்தது. வைகாசியிலேருந்து ஆவணி வரைக்கும் தென்கடல் கொந்தளிப்பு, திவலை காத்தோட ஏறி வரும். அந்த மாசங்கள்ல ஜன்னலுக்கு நேரா மெஷின் இருக்கவே கூடாது. வடக்குச் சுவர் ஓரம், ஜன்னலோட நேர்கோட்டுலேருந்து விலகி, தரையிலேருந்து ஒரு அடி உயரத்துல வை. தொண்டி, தேவிபட்டினம் பக்கம் இருக்கிறவங்களுக்கு இது தலைகீழ்; வாடை அடிக்கிற ஐப்பசி, கார்த்திகையில வடகடல் பக்க ஜன்னலை மூடணும்.

ஃபேன் திசை: பக்கவாட்டு ரேடியேட்டர் உள்ளிழுக்கட்டும், மேல் ரேடியேட்டர் வெளியேத்தட்டும், பின்னாடி ஃபேனையும் உள்ளிழுக்கிறதா திருப்பு. உள்ள வர்ற ரெண்டு வழிக்கும் நைலான் ஃபில்டர். உள்ள தள்ளுற காத்து வெளிய போறதைவிடக் கொஞ்சம் கூட இருந்தா, ஃபில்டர் இல்லாத சந்து வழியா தூசி ஏறாது. பின் ஃபேன் ரூம் காத்தை நேரா கொண்டு வர்றதால போர்டுக்கும் நல்லது, மேல் ரேடியேட்டருக்கும் நல்லது. இல்லைன்னா பக்கவாட்டு ரேடியேட்டர் விட்ட சூட்டையேதான் மேல இருக்கிறது குடிக்கணும். ஃபில்டர் உப்பு முழுசையும் நிறுத்தும்னு சொல்ல மாட்டேன், நுண் திவலை அது வழியா போகும். தூசியை நிறுத்தும். தூசி இல்லாத இடத்துல உப்புக்கு ஒட்டிக்கிட்டு ஈரம் கட்ட இடம் குறைவு.

மாசம் ஒருதடவை ஃபில்டரைக் கேன் தண்ணியில அலசிக் காயவை. போர் தண்ணியில அலசினா காய்ஞ்சதும் அதே உப்பை ஃபில்டர்ல பூசின கதைதான். ரேடியேட்டரைப் புளோயரால ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்க. சும்மா சுத்த விட்டா மோட்டார் ஜெனரேட்டராகி ஹப்புக்குள்ள வோல்டேஜ் தள்ளும். பயன்படுத்தாத எச்டிஎம்ஐ, யுஎஸ்பி வாய்களுக்கு ரப்பர் மூடி போடு. துடுப்புல பெயின்ட் உரிஞ்ச இடத்துல லேசா பச்சை பூக்கும், அது மேலோட்டம். ஃபிட்டிங் கழுத்துல பச்சை வளையம் வந்து, டிஷ்யூ வச்சா பிசுபிசுன்னு ஒட்டினா அது கூலன்ட் கசிவு.

இப்ப அந்த வேர்க்கிற விஷயம். மெஷின் ஓடும்போது வேர்க்காது, ஏன்னா தண்ணி எப்பவும் ரூமைவிடச் சூடு. உன்னைப் பயமுறுத்தினவர் சொன்னதுல பாதி உண்மை வேற நேரத்துல இருக்கு. ராத்திரி பூரா ஏசியில மெஷின் அணைஞ்சு கெடக்கு. ஒரு லிட்டர் தண்ணி, செம்பு, பித்தளை, எல்லாம் 24 டிகிரிக்கு வந்திருக்கும். காலையில ஜன்னலைத் திறக்கிறே. வெளிக்காத்து 32 டிகிரி, ஈரப்பதம் 75-ன்னா அதோட பனிப்புள்ளி 27. அதுக்குக் கீழ குளிர்ந்த எதைத் தொட்டாலும் அந்தக் காத்து தண்ணியா இறங்கும். பிளாக் மேலயும் கார்டோட பின் தகட்டுலயும் முத்து முத்தா நிக்கும், அந்த நேரத்துல பவர் பட்டனை அமுக்கினா அவ்வளவுதான்.

அதனால வரிசையை மாத்து. ஜன்னல் மூடியிருக்கும்போதே மெஷினை ஆன் பண்ணு. தண்ணி சென்சார் 30 காட்டினப்புறம் ஏசியை அணை, ஜன்னலைத் திற. மெஷின் வேண்டாம்னா ஏசியை அணைச்சு ஒரு ரெண்டு மணி நேரம் ரூமை மூடியே வை. ஏற்கெனவே வேர்த்துட்டா ஆன் பண்ணாதே, டேபிள் ஃபேனைத் திருப்பி வச்சுக் காய விடு.

கீழக்கரை_ரெண்டர்

அண்ணன்மாருக்கெல்லாம் நன்றி. இபிடிஎம் டியூப், ரெண்டு 360-ன்னு முடிவு பண்ணிட்டேன். இன்னும் ரெண்டு சந்தேகம். பழைய 240 ஏஐஓ (பம்ப், ரேடியேட்டர் எல்லாம் சேர்ந்தே ரெடியா வர்ற வாட்டர் கூலர்) ஒண்ணு கெடக்கு, பம்ப் செத்துப் போச்சு. அதோட ரேடியேட்டரையும் சேர்த்துக்கிட்டா குளிர்ச்சி கூடுமே? அப்புறம், தண்ணி ரொப்பி டெஸ்ட் பண்றதை வரிசையா யாராவது சொல்லுங்க. அதுலதான் கை நடுங்குது.

ராம்நாடு_டிங்கர்

கூலன்டுக்குத் தனியா ஏன் காசு? கார் ரேடியேட்டர்ல ஊத்துற பச்சை கூலன்டும் அதே வேலையைத்தான் செய்யுது. பேட்டரி வாட்டர்ல ஒண்ணுக்கு நாலு கலந்தா போதும்.

தேவிபட்டினம்_மல்டிமீட்டர்

டிங்கர் அண்ணே, உலோகத்தை அரிக்காதுங்கிறது சரிதான். ஆனா அது காரோட அலுமினியம், இரும்பு, ரப்பர் ஹோஸை மனசுல வச்சு செஞ்சது. அக்ரிலிக் ரிசர்வாயரும் பம்ப் மூடியும் அதுக்கு எப்படி நடந்துக்கும்னு பாட்டில்ல எழுதியிருக்காது. எத்திலீன் கிளைக்கால் விஷம், இனிப்பா வேற இருக்கும். வீட்ல புள்ளைங்க, பூனை இருந்தா தரையில சொட்டுற ஒரு மூடிகூட ஆபத்து. கிளைக்கால் கூடக் கூட வெப்பத்தைச் சுமக்கிற திறனும் குறையும். 2 லிட்டருக்கு மிச்சமாகிற காசுக்கு இதெல்லாம் வேண்டாம்.

தம்பி, அந்த ஏஐஓ ரேடியேட்டரைத் தூக்கிப் போடு. ஏஐஓ-வுல பெரும்பாலும் அலுமினியம்தான். செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணியில நின்னா அது ஒரு பேட்டரி; அலுமினியம் கரையும், சில மாசத்துலயே ஓட்டை விழும், கரைஞ்சது பிளாக்குல கூழா படியும். எந்த மருந்தும் அதை ரொம்ப நாள் தடுக்காது. ரெண்டுமே காந்தத்துல ஒட்டாது, அதனால காந்தம் வச்சுப் பாத்து ஏமாறாதே. ஓரத்துல கத்தியால சுரண்டு: மஞ்சளா தெரிஞ்சா பித்தளை, வெள்ளையா தெரிஞ்சா அலுமினியம். ஃபிட்டிங் வாங்கும்போதும் பித்தளைன்னு எழுதியிருக்கான்னு பாரு.

பாம்பன்_லூப்

கை நடுங்க வேண்டியதில்லை. அவசரப்படாம இருந்தா போதும்.

கார்டைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி அதை ஏர் கூலர்லயே ரெண்டு மூணு நாள் நல்லா ஓட்டிப் பாரு. குறை இருந்தா வாரன்டிக்கு அப்பவே அனுப்பிடலாம். பிளாக் வாங்கும்போது '4080 சூப்பர்'னு மட்டும் பாக்காதே. கார்டோட கம்பெனி, மாடல் வரைக்கும் பொருந்தணும், போர்டு வடிவம் ஒவ்வொண்ணுக்கும் மாறும். மெமரி மேல ஒரு கனத்துலயும் பவர் பகுதி மேல வேற கனத்துலயும் தெர்மல் பேட் (சூட்டைக் கடத்துற மெத்தை) வரும். பிளாக்கோட வர்ற தாள்ல போட்டிருக்கிற கனத்தை அப்படியே பின்பற்று. அரை மில்லிமீட்டர் கனமா போட்டா பிளாக் கோரை முழுசா தொடாது, ஒரே நிமிஷத்துல 85, 90-க்கு ஏறும். ஸ்க்ரூவைக் குறுக்கும் நெடுக்குமா, ஒவ்வொண்ணையும் கொஞ்சம் கொஞ்சமா முறுக்கு.

ஃபிட்டிங் எல்லாம் ஜி1/4 மரை. ஓ-ரிங்கைக் கூலன்டுல நனைச்சு, கையால முறுக்கு, ஓ-ரிங் உக்காந்ததும் இன்னும் கால் சுத்து. ஸ்பேனர் வேண்டாம், அக்ரிலிக் மூடி விரியும். வழுக்கறதுக்கு வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவாதே. இபிடிஎம் ரப்பர் எண்ணெய் பட்டா உப்பும், தளரும். வேணும்னா சிலிகான் கிரீஸ். அக்ரிலிக்கைத் துடைக்க ஸ்பிரிட், ஐசோப்ரொபைல் எதுவும் கூடாது, மெல்லிய விரிசல் விடும்.

எல்லாத்துக்கும் கீழ இருக்கிற இடத்துல ஒரு டி ஃபிட்டிங் போட்டு பால் வால்வு (தண்ணியை வடிக்கத் திறந்து மூடுற வால்வு) வை. இப்ப தேவையில்லாத செலவா தெரியும். அடுத்த வருஷம் கூலன்ட் மாத்தும்போது அது இல்லைன்னா மெஷினைத் தலைகீழா கவுக்கணும்.

தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி காத்து டெஸ்ட். கேஜ் வச்ச லீக் டெஸ்டர் வாங்கு. கேஜ் இல்லாத சைக்கிள் பம்பால அடிக்காதே. 0.5 பார் அழுத்தம் ஏத்தி அரை மணி நேரம் விடு. முதல் ரெண்டு நிமிஷம் முள் லேசா இறங்கும், டியூப் விரியறதால. அதுக்கப்புறம் அசையக் கூடாது. ஏசி போட்டிருந்தா அணை, ரூம் குளிர்ந்தா முள் தானா இறங்கி உன்னைக் குழப்பும். இறங்கிக்கிட்டே இருந்தா லூப்பைப் பாதி பாதியா பிரிச்சு, ஸ்டாப் பிளக் போட்டு, எந்தப் பாதியில இறங்குதுன்னு பாரு. 1 பாருக்கு மேல எந்தக் காரணத்துக்கும் போகாதே.

ரொப்பும்போது போர்டுக்குப் போற 24 பின், சிபியு 8 பின், கார்டு பவர் எல்லாத்தையும் கழட்டிடு. பம்புக்கு மட்டும் கரண்ட். சப்ளையை ஆன் பண்ண 24 பின்னுல மாட்டுற ஜம்பர் பிளக் கிடைக்கும். பச்சை வயரையும் கறுப்பு வயரையும் கம்பியால இணைக்கிற பழைய வழியும் இருக்கு. ஆனா இப்ப வர்ற சப்ளையில எல்லா வயரும் கறுப்பு, தப்பா குத்திடுவே. பிளக்கே வாங்கு.

ஃபிட்டிங்குகளுக்குக் கீழயும் கார்டு மேலயும் டிஷ்யூ விரி. ரிசர்வாயரை ரொப்பு, பம்பை ஆன் பண்ணு, மட்டம் சரசரன்னு இறங்கும், முழுசா காலியாகிறதுக்கு முன்னாடி ஆஃப் பண்ணு, திரும்ப ரொப்பு. ஆறேழு தடவையில லூப் நிரம்பும். அப்புறம் பம்பை மெதுவான வேகத்துல விட்டு கேபினெட்டை முன்னும் பின்னும், இடமும் வலமும் சாய். மேல் ரேடியேட்டர் மூலையில ஒளிஞ்சிருக்கிற காத்து அப்பத்தான் கிளம்பும். கர்ர்னு சத்தம் வந்தா இன்னும் காத்து இருக்கு. 24 மணி நேரம் இப்படியே, பம்ப் மட்டும், ஓடட்டும். டிஷ்யூ காய்ஞ்சிருந்தா மத்த கேபிளை மாட்டு.

தொண்டி_பவர்

கீழக்கரை தம்பி, கரண்ட் பக்கத்தை யாரும் தொடலை.

பம்புக்குக் கரண்ட் நேரா சப்ளையோட சாட்டா வயர்லேருந்து வரட்டும். அதோட வேகம் சொல்ற வயரை மட்டும் போர்டுல சிபியு ஃபேன் முனையில மாட்டு. பயாஸ்ல (போர்டோட செட்டிங்) சிபியு ஃபேன் எச்சரிக்கையை ஆன்ல வை. பம்ப் நின்னா போர்டு கத்தும், பல போர்டுகள் அணைச்சே விடும். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, ஓட்டம் நின்னதும் லூப்ல இருக்கிற ஒரு லிட்டரும் உதவிக்கு வராது. பிளாக்குக்குள்ள நிக்கிற கொஞ்சம் தண்ணிதான் மொத்தச் சூட்டையும் வாங்கணும். சிபியு தானே வேகத்தைக் குறைச்சுத் தப்பிச்சுக்கும், ஆனா ஃபிட்டிங்கும் டியூபும் அந்தச் சூட்டைப் பாக்கக் கூடாது.

ஃபேனை சிபியு வெப்பத்தோட கட்டாதே. ஒவ்வொரு கிளிக்குக்கும் ஏறி இறங்கி எரிச்சல் மூட்டும். 10 கிலோஓம் தண்ணி சென்சார், ஜி1/4 பிளக் வடிவத்துலயே வருது, போர்டுல டெம்பரேச்சர் சென்சார் முனை இருக்கான்னு பாரு. கணக்கு இப்படி வை: 38 டிகிரி வரைக்கும் குறைஞ்ச வேகம், 45-ல பாதி, 50-ல முக்கால், 53-ல முழு வேகம். 55-ல மெஷினையே அணைக்கச் சொல்லு. வெளியூர் கைடுல 40-ல முழு வேகம்னு போட்டிருப்பாங்க. அதை அப்படியே எடுத்தா உனக்குச் சித்திரை பூரா ஃபேன் கத்தும்.

யுபிஎஸ்: மெஷின் 480, மத்த பாகங்கள், மானிட்டர், சப்ளையோட நஷ்டம் சேர்த்தா சுவர்லேருந்து 600 வாட்டைத் தாண்டும். 1 கேவிஏ-ன்னு விக்கிறது பெரும்பாலும் 600 வாட்தான், அது பத்தாது. 1.5 கேவிஏ, 900 வாட், சைன் வேவ் எடு. வீட்டு இன்வெர்ட்டர் லைன்லயே ஓட்டணும்னா அது சைன் வேவ்வா இருக்கணும், பின்னாடி இருக்கிற சுவிட்சை யுபிஎஸ் மோடுல வைக்கணும். கம்ப்யூட்டர் சப்ளை கரண்ட் இல்லாம தாக்குப் பிடிக்கிறது 16, 17 மில்லிசெகண்ட். சாதா மோடுல இன்வெர்ட்டர் மாறுறதுக்குள்ள மெஷின் ரீஸ்டார்ட் ஆயிடும், அஞ்சு மணி நேர ரெண்டர் போயிடும்.

கீழக்கரை_ரெண்டர்

ஜஸாக்கல்லாஹ் காக்கா, ரொம்ப நன்றி அண்ணே. ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி கடைசியா ஒண்ணு: ரேடியேட்டரோட வர்ற ஸ்க்ரூ எல்லாம் துரு பிடிக்கும்னு பயமா இருக்கு. ராம்நாட்டுல ஹார்டுவேர் கடையில எஸ்எஸ் ஸ்க்ரூ வாங்கிப் போடலாமா?

பாம்பன்_லூப்

போடலாம், நல்ல யோசனைதான், 304 கிடைச்சா சரி, 316 கிடைச்சா இன்னும் நல்லது. மரை பெரும்பாலும் எம்3; சில ரேடியேட்டர்ல எம்4 அல்லது 6-32 வரும், அதனால பழைய ஸ்க்ரூ ஒண்ணைக் கையில எடுத்துக்கிட்டே போ.

ஆனா நீளத்துல ஒரு மில்லிமீட்டர்கூட விளையாடாதே. ஃபேன் 25 மி.மீ. கனம், அதுக்கு 30 மி.மீ. ஸ்க்ரூ, அதாவது ரேடியேட்டருக்குள்ள 5 மி.மீ. போகும். ஃபேன் இல்லாம கேபினெட் தகட்டுலேருந்து நேரா மாட்டுற பக்கம் 5 அல்லது 6. கடைக்காரர் 30 இல்லைன்னு 35 கொடுத்தா வாங்காதே. ஸ்க்ரூ ஓட்டைக்கு நேர் கீழ தண்ணி ஓடுற தட்டைக் குழாய் இருக்கிற ரேடியேட்டர் நிறைய. 35 போட்டா முனை அதைக் குத்திடும். சில ரேடியேட்டர்ல அந்த இடத்துல தடுப்புத் தகடு வச்சிருப்பாங்க, டார்ச் அடிச்சுப் பாரு. ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல கேபினெட் தகடு வந்தா தகட்டோட கனத்தைக் கூட்டிக்க, ரப்பர் வாஷர் போட்டா அதையும். முதல்ல ஃபேன் இல்லாம ஸ்க்ரூவை விரலால விட்டுப் பாத்து எத்தனை மி.மீ.யில தட்டுதுன்னு ஸ்கேலால அளந்துக்க. எல்லா ஸ்க்ரூவும் மாட்டினப்புறம், டியூப் இணைக்கிறதுக்கு முன்னாடியே, ரெண்டு ரேடியேட்டரையும் தனித்தனியா 0.5 பார்ல ஒரு தடவை டெஸ்ட் பண்ணிடு.